மருத்துவத்தின் நான்காம் கூறு

மருத்துவம் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை மூன்று: நோயுற்றவர், மருத்துவர், மருந்து. இம்மூன்றும் ஒன்றுகூடினால் நோய் தீரும் என்பது பொதுவான எண்ணம். வள்ளுவரோ, மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும் இடத்தில், மருத்துவத்துக்குக் கூறுகள் நான்கு என்கிறார். நோயுற்றவன், அதைத் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றுடன் நான்காவதாக அவர் சேர்த்து எண்ணுவது 'உழைச்செல்வான்' என்பவனை. உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் நின்று, உரிய மருந்தை உரிய காலத்தில் பிழையின்றி அவனுக்குச் சேர்ப்பவனே உழைச்செல்வான்.

சாதாரணக் காய்ச்சலுக்கு இந்த நான்காம் கூறு நம் வீட்டிலேயே அமைந்துவிடுகிறது. தாய் கஞ்சி காய்ச்சித் தருகிறாள். தமையன் மருந்துக்கடைக்கு ஓடுகிறான். பாட்டி நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். அவர்கள் செய்வதும் மருத்துவத்தின் ஒரு பகுதி என்ற எண்ணம்கூட நமக்கு எழுவதில்லை. ஆனால், வீட்டாரிடமே சொல்ல அஞ்சும்படியான ஒரு நோய் வந்துவிட்டால் என் செய்வது? ஒரு வாரத்திலோ ஒரு மாதத்திலோ முடிந்துவிடாமல், வாழ்நாள் முழுவதும் நாள் தவறாது மருந்துண்ண வேண்டிய நோயாக அது இருந்துவிட்டால்? அப்பொழுது உழைச்செல்வான் யார்? எச்.ஐ.வி. என்னும் கிருமியுடன் வாழ்வோர்க்கென்று உலகில் அமைக்கப்பட்டுள்ள துணைப்பணிகள் யாவும் இந்த ஒரு கேள்விக்கு மனிதர் தேடிக் கண்ட விடைகளே. அவ்விடைகளின் வரலாற்றையும் முறையையும் இங்கே காண்போம்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். 1981-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அதுவரை நல்ல உடல்நலத்துடன் இருந்த ஐந்து இளைஞர்களுக்கு அரிதான ஒரு வகை நுரையீரல் அழற்சி கண்டிருப்பதாக ஓர் அறிக்கை வெளிவந்தது. பின்னர் எய்ட்ஸ் என்று பெயர் பெற்ற நோயைப் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை அதுவே. 1983-ல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லுக் மொந்தாஞியே ஆகியோரின் குழு அந்நோய்க்குக் காரணமான வைரஸைக் கண்டறிந்தது. அவ்விருவரும் அதற்காக 2008-ல் நோபல் பரிசு பெற்றனர்.

இந்த வைரஸ் நம் உடலைக் காக்கும் வெள்ளணுக்களுள் சி.டி.4 என்னும் வகையைப் பற்றி அழிக்கிறது. கோட்டையைச் சூறையாடுமுன் வாயிற்காவலரைக் கொல்லும் பகைவனைப் போன்றது அது. காவல் குறைந்தபின் காசநோய் முதலிய பிற நோய்கள் தடையின்றி உள்ளே நுழைகின்றன. கிருமி புகுந்ததற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையே பல ஆண்டுகள் கழியலாம். கிருமி உடலில் இருக்கும் நிலை எச்.ஐ.வி. தொற்று, காவல் சிதைந்து பிற நோய்கள் பற்றிக்கொண்ட நிலை எய்ட்ஸ். இவ்விரண்டும் ஒன்றல்ல. இக்கிருமி உடலுறவினாலும், இரத்தத்தினாலும், தூய்மையற்ற ஊசியினாலும், தாயிடமிருந்து சேய்க்கும் பரவும். தொடுவதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே அறையில் படிப்பதாலோ, கொசுக்கடியாலோ பரவாது.

1996-ஆம் ஆண்டுவரை இத்தொற்றுக்கு ஆளானவர்க்கு மருத்துவர் சொல்லக்கூடிய ஆறுதல் மிகக் குறைவு. அவ்வாண்டில்தான், பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸின் பெருக்கத்தை நிறுத்திவிடலாம் என்பது தெளிவாயிற்று. கிருமியை அடியோடு ஒழிக்க அம்மருந்துகளால் இயலாது. ஆனால் அதைக் கட்டிப்போட இயலும். இன்று மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரையை நாளுக்கு ஒன்றாக உண்டு, பிறரைப் போலவே உழைத்து, மணந்து, மக்களைப் பெற்று, முதுமைவரை வாழ முடிகிறது. 2011-ல் வெளியான ஓர் ஆய்வு இன்னொரு பெரும் பயனையும் காட்டியது. ஒருவர் தொற்றுடையவராகவும் மற்றவர் தொற்றற்றவராகவும் உள்ள 1,763 இணைகளை ஒன்பது நாடுகளில் கவனித்த ஆய்வு அது. சென்னையும் அதில் பங்கு கொண்டது. தொடக்கத்திலேயே மருந்துண்டால் துணைவருக்குத் தொற்று பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று அது கண்டது. இரத்தத்தில் வைரஸ் அளவிட முடியாதபடி அடங்கியிருக்கும்போது உடலுறவின் வழியே அது பிறருக்குப் பரவுவதில்லை என்பதைப் பின்வந்த ஆய்வுகள் உறுதிசெய்தன.

இங்கே ஒரு வினா எழுகிறது. மருந்து இருக்கிறது; நம் நாட்டில் 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்கி அது அரசாங்க மருத்துவமனைகளில் இலவசமாகவும் கிடைக்கிறது. அவ்வாறிருந்தும் இந்நோயால் இன்னும் மக்கள் ஏன் இறக்கிறார்கள்?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொற்றுடையவர் நூறு பேர் என்று கொள்வோம். அவர்களுள் தமக்குத் தொற்று உண்டு என்று அறிந்தவர் 80 பேர். அறிந்தவர்களுள் நூற்றுக்கு 80 வீதம் மருந்து உண்ணத் தொடங்கினர். அவர்கள் 64 பேர். தொடங்கியவர்களுள் நூற்றுக்கு 80 வீதம் இடைவிடாது உண்டு வைரஸை அடக்கினர். அவர்கள் 51 பேர். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு எண்பது என்பது நல்ல மதிப்பெண்ணாகவே தோன்றும். எனினும் முடிவில் ஏறத்தாழப் பாதிப்பேர் வழியிலே உதிர்ந்துவிட்டனர். ஆகவேதான் ஐக்கிய நாடுகளின் எய்ட்ஸ் அமைப்பு 2025-ஆம் ஆண்டுக்குள் இம்மூன்று படிகளிலும் நூற்றுக்கு 95 எட்ட வேண்டும் என்று குறிக்கோள் வகுத்தது. அவ்வாறு எட்டினாலும் இறுதியில் நிற்பவர் நூற்றுக்கு 86 பேர்தாம். மருந்தின் ஆற்றலில் குறைவில்லை. மருந்துக்கும் மனிதனுக்கும் இடையே உள்ள வழியில்தான் குறை. அந்த வழியைக் காப்பதே நான்காம் கூறு.

வழியில் என்ன இடையூறு என்று கேட்கலாம். ஒரு பெண்ணை மனத்தில் எண்ணிக்கொள்வோம். சிற்றூரில் கூலி வேலை செய்பவள், வயது முப்பது, கணவன் இறந்து ஓராண்டாகிறது, குழந்தைகள் இரண்டு. விடாத இருமலுக்காக மருத்துவமனைக்குச் சென்றவளுக்குக் காசநோயும் எச்.ஐ.வி. தொற்றும் இருப்பதாகத் தெரிகிறது. இனி அவள் எத்தனை வாயில்களைத் தட்ட வேண்டும் என்று பாருங்கள். காசநோய் மருந்துக்கு ஆரம்ப சுகாதார நிலையம், எச்.ஐ.வி. மருந்துக்கு மாவட்டத் தலைநகரிலுள்ள ஏ.ஆர்.டி. மையம், குழந்தைகளின் இரத்தப் பரிசோதனைக்கு நம்பிக்கை மையம், விதவை உதவித்தொகைக்குத் தாலுகா அலுவலகம், கணவனின் பங்கு நிலத்தைக் கொழுந்தனார் தர மறுத்தால் இலவசச் சட்ட உதவி மையம். ஒவ்வொன்றும் ஓர் ஊரில். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள். ஒரு நாள் என்பது அவளுக்கு ஒரு நாட்கூலியும் பேருந்துக் கட்டணமும் ஆகும். ஒவ்வோர் இடத்திலும், “எதற்காக வந்தாய்?” என்று யாரேனும் கேட்பார்கள். ஊரில், “அடிக்கடி எங்கே போகிறாய்?” என்று கேட்பார்கள். மாத்திரைப் புட்டியை எங்கே ஒளித்து வைப்பது என்பதே அவளுக்கு ஒரு பெரும் சிக்கல்.

இவற்றுள் ஒன்றும் மருத்துவ நூலில் எழுதப்பட்டதன்று. எனினும் இவற்றுள் எந்த ஒன்றும் அவளை வழியில் நிறுத்திவிடக்கூடும். காசநோய் மருந்தின் கசப்பில் இரண்டையும் விட்டுவிடலாம். அறுவடைக் காலத்தில் வேலையை விட மனமின்றி மருந்து வாங்கும் நாளைத் தவறவிடலாம். உடல் தேறியதும், இனி மருந்து எதற்கு என்று எண்ணிவிடலாம். விட்டுவிட்டால் என்ன நேரும்? இந்த வைரஸ் தன்னைத்தானே மிக விரைவாகப் படியெடுத்துப் பெருகுவது. படியெடுக்கும்போது பிழைகளும் மிகுதி. மருந்து அரைகுறையாக உள்ள உடலில், பிழையாகப் பிறந்தவற்றுள் மருந்துக்கு அடங்காத வகை தழைத்துவிடுகிறது. பின்பு அதே மருந்தை மீண்டும் உண்டாலும் பயனில்லாமற் போகலாம். எனவே ஒருவர் மருந்தை விடுவது, அதைத் தொடங்காதிருந்த நிலைக்குத் திரும்புவதாக மட்டும் முடிவதில்லை. சில வேளைகளில் அதனினும் கீழான நிலைக்கு அவரைத் தள்ளிவிடுகிறது.

இத்தகைய இடையூறுகளுக்கு மருந்தே இல்லாத நாட்களிலேயே ஒரு முறை காணப்பட்டது என்பது வியப்புக்குரியது. அமெரிக்காவில் ஸான் பிரான்சிஸ்கோ நகரப் பொது மருத்துவமனையில் 1983 ஜூலையில் 12 படுக்கைகளுடன் 5பி என்னும் பகுதி திறக்கப்பட்டது. எய்ட்ஸ் நோயாளிகளுக்கென்றே அமைந்த பகுதி அது. நோயாளியின் அறைக்குள் நுழையவும் மருத்துவமனைப் பணியாளர் பலர் அஞ்சிய காலம். உணவுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துச் சென்றதும் உண்டு. கிளிஃப் மாரிசன் என்னும் செவிலியர் அப்பகுதியை உருவாக்கினார். தாமாக முன்வந்த செவிலியரே அங்கே பணியாற்றினர். அவர்கள் நோயாளிகளைக் கையால் தொட்டனர். கட்டிலருகே அமர்ந்து பேசினர். யாரை உற்றார் என்று நோயாளி கருதுகிறாரோ அவரையே உற்றாராக ஏற்றுக்கொண்டனர்.

அவர்களுடன் சேர்ந்து உழைத்த தொண்டர் அமைப்பு ஒன்றின் பெயர் நமக்கு அயலானதன்று. அதன் பெயர் 'சாந்தி'. 1974-ல் சார்லஸ் கார்ஃபீல்டு என்னும் உளநூல் அறிஞர், தீராத நோயுற்றோர்க்கு உறுதுணையாக இருப்பதற்கென்று பெர்க்கிலி நகரில் அதைத் தொடங்கியிருந்தார். எய்ட்ஸ் பரவியதும் அத்தொண்டர்கள் அந்நோயாளிகளிடம் வந்து சேர்ந்தனர். மருத்துவமனை, தொண்டர் அமைப்புகள், நகராட்சி மூன்றும் இணைந்து, வீட்டில் உணவு, குடியிருக்க இடம், மனத்துக்கு ஆறுதல் ஆகியவற்றை ஒரே கோவையில் தொடுத்தன. நோயைத் தீர்க்க வகையில்லாதபோதும் நோயாளியைக் கைவிடாதிருக்க வகையுண்டு என்று அந்நகரம் காட்டிற்று.

இந்த உணர்வு நாட்டுச் சட்டமாக மாறியதற்கு ஒரு பள்ளி மாணவனின் வாழ்வு காரணமாயிற்று. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரயன் ஒயிட் என்னும் சிறுவன் 1971-ல் பிறந்தவன். பிறவியிலேயே இரத்தம் உறையாத குறையுடையவன். அதற்காக ஏற்றப்பட்ட இரத்தப் பொருளின் வழியே அவனுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. 1984 டிசம்பரில் அது தெரிந்தது. மறு ஆண்டு அவனைப் பள்ளிக்குள் விட நிருவாகத்தார் மறுத்தனர். நீண்ட வழக்காடிய பின்பே அவன் வகுப்புக்குத் திரும்ப முடிந்தது. ஊராரின் வெறுப்புக்கு ஆற்றாது அக்குடும்பம் 1987-ல் வேறோர் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே நடந்தது வேறு. அவன் வருமுன்னரே புதிய பள்ளியில் அந்நோயைப் பற்றி மாணவர்களுக்கு விளக்கம் அளிக்கப்பட்டது. எவ்வாறு பரவும், எவ்வாறு பரவாது என்பதை அறிந்த மாணவர்கள் அவனைக் கைகுலுக்கி வரவேற்றனர். நோய் ஒன்றே, சிறுவனும் ஒருவனே, இரண்டு ஊர்களுக்கும் இருந்த வேறுபாடு அறிவு ஒன்றினால் விளைந்தது. ரயன் ஒயிட் 1990 ஏப்ரலில் பதினெட்டாம் வயதில் மறைந்தான். அவ்வாண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் அவன் பெயரால் ஒரு சட்டம் நிறைவேறியது. வசதியற்ற எச்.ஐ.வி. நோயாளிகளின் சிகிச்சைக்கும் துணைப்பணிகளுக்கும் அச்சட்டத்தின்கீழ் அமெரிக்க அரசாங்கம் இன்றும் பொருளுதவி செய்கிறது.

அச்சட்டத்தின் உதவியால் வேரூன்றிய பணிகளுள் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் 'கேஸ் மானேஜ்மெண்ட்' என்று பெயர். நாம் அதை 'வழித்துணைப் பணி' என்று கூறலாம். அதன் கருத்து எளிது. நோயாளி பத்து வாயில்களைத் தட்ட வேண்டியிருந்தால், பத்தையும் அறிந்த ஒருவர் அவருக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும் என்பதே அது. அப்பணியாளர் மருத்துவர் அல்லர், மருந்து எழுதுவதில்லை. செல்வரும் அல்லர், பணம் தருவதில்லை. எது எங்கே கிடைக்கும், யாரைக் காண வேண்டும், எந்தத் தாள் வேண்டும் என்று அறிந்திருப்பதே அவருடைய செல்வம்.

இப்பணி படிப்படியாக நடைபெறும். முதற்படி கேட்டல். நோயாளியின் உடல்நிலை, உணவு, குடியிருப்பு, வருவாய், குடும்பம், அச்சம் ஆகிய யாவற்றையும் பணியாளர் பொறுமையுடன் கேட்டறிகிறார். இரண்டாவது திட்டம். முதலில் செய்ய வேண்டியது எது, பின்பு செய்ய வேண்டியது எது என்று இருவரும் சேர்ந்து வரிசைப்படுத்துகிறார்கள். இங்கே 'இருவரும் சேர்ந்து' என்பது முக்கியம். பணியாளருக்குக் காசநோய் மருந்து முதன்மையாகத் தோன்றலாம். அந்தத் தாய்க்கோ, என் பிள்ளைகளுக்கும் இது உண்டா என்பதே உறக்கத்தைக் கெடுக்கும் கேள்வியாக இருக்கலாம். அதற்கு விடை கிடைக்கும்வரை அவள் காதில் வேறொன்றும் ஏறாது. மூன்றாவது சேர்ப்பித்தல். ஒரு சீட்டில் முகவரி எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவது சேர்ப்பித்தல் ஆகாது. முதன்முறை உடன் சென்று, உரியவரிடம் அறிமுகம் செய்துவைப்பதே சேர்ப்பித்தல். நான்காவது தொடர்தல். குறித்த நாளில் அவர் வந்தாரா, மருந்து ஒத்துக்கொண்டதா, மனு எந்த மேசையில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருத்தல். ஐந்தாவது மீண்டும் ஆராய்தல். ஆறு மாதத்துக்கு முன்பிருந்த தேவை இன்று இராது. புதிய தேவை தோன்றியிருக்கும். நோயாளி தம் வழியைத் தாமே நடக்கும் வலிமை பெற்றபின் மெல்ல விலகி நிற்பது கடைசிப் படி. நடைவண்டி பழகிய குழந்தை ஒரு நாள் அதை விட்டு நடக்க வேண்டும் அன்றோ? என்றென்றும் தம்மையே சார்ந்திருக்கச் செய்பவர் நல்ல துணைவர் ஆகார்.

இனி நம் நாட்டு நிலையைக் காண்போம். இந்தியாவில் இத்தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் படித்துவந்த செல்லப்பன் நிர்மலா என்னும் மாணவி, ஆய்வுக்காக இரத்த மாதிரிகளைத் திரட்டினார். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அவற்றைச் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் தொற்று காணப்பட்டது. இந்நோய் நம் நாட்டுக்கு வாராது என்று பலர் நம்பியிருந்த காலத்தில் ஒரு மாணவியின் ஆய்வேடு நாட்டின் கண்ணைத் திறந்தது. டாக்டர் சாலமன் பின்னர் 2015-ல் மறையும்வரை இந்நோயாளிகளுக்காகவே உழைத்தார்.

1992-ல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் தோன்றியது. 1994-ல் தமிழ்நாடு தனக்கென ஓர் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தை அமைத்தது; பிற மாநிலங்களும் பின்னர் அம்முறையைப் பின்பற்றின. 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தாம்பரத்தில் தொடங்கிய மருத்துவமனை, எய்ட்ஸ் நோயாளிகளைப் பெருமளவில் ஏற்றுப் பேணும் இடமாயிற்று. 2004-ல் இலவச மருந்து வழங்கத் தொடங்கிய முதல் மையங்களுள் அதுவும் ஒன்று. 2017 முதல், தொற்று உறுதியானவுடனேயே, சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை எவ்வளவாயினும், மருந்து தொடங்கப்படுகிறது.

இம்மையங்களில் மருத்துவருடன் ஆற்றுப்படுத்துநர் என்று ஒருவர் இருக்கிறார். இந்தச் சொல்லைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பத்துப்பாட்டில் ஆற்றுப்படை என்னும் பெயரில் அமைந்த பாட்டுகளை நீங்கள் படித்திருப்பீர்கள். ஆறு என்றால் வழி. வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணனோ கூத்தனோ, வறுமையுற்று எதிரே வரும் மற்றொருவனுக்கு அவ்வழியைச் சொல்லி அனுப்புவதே ஆற்றுப்படை. வழி சொல்பவன் அவ்வழியில் தானே நடந்தவன். அதனால் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அவனுக்குத் தெரியும். நம் மையங்களில் ஒருங்கிணைப்பாளராகப் பணிபுரிவோர் பெரும்பாலும் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களே என்பதை அறியும்போது, அப்பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பது விளங்கும். முதல் நாள் நடுக்கத்துடன் வந்து அமரும் ஒருவரிடம், “நானும் பல ஆண்டுகளுக்கு முன் இதே நாற்காலியில் இவ்வாறே அமர்ந்திருந்தேன்” என்று ஒருவர் சொல்லும்போது எழும் நம்பிக்கையை எந்த நூலும் தந்துவிட முடியாது.

தொற்றுடையோர் தாமே கூடித் தமக்கென அமைப்புகளும் கண்டனர். எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் அகில இந்தியக் கூட்டமைப்பு ஒன்று 1997-ல் சென்னையில் தோன்றியது. கணவனை இழந்து, புகுந்த வீட்டினராலும் விலக்கப்பட்ட பெண்களின் துயரம் தனித்தன்மை வாய்ந்தது என்பதை உணர்ந்து, 1998-ல் பெண்களுக்கெனத் தனிக் கூட்டமைப்பு ஒன்றும் இங்கேயே பிறந்தது. 2013 முதல் நாடெங்கும் ஆதரவு மையங்கள் அமைக்கப்பட்டு, மருந்து வாங்க வாராது நின்றுவிட்டவரைத் தேடிச் செல்லும் களப்பணியாளர் அவற்றில் நியமிக்கப்பட்டனர்.

இத்தேடல்தான் இப்பணியின் உயிர்நிலை. மிகக் கடினமான பகுதியும் இதுவே. ஏ.ஆர்.டி. மையத்தில் குறித்த நாளில் ஒருவர் வரவில்லை. அவர் வேறூருக்குப் பிழைக்கச் சென்றாரா, உடல் நலிந்து கிடக்கிறாரா, மனம் சோர்ந்துவிட்டாரா என்பது தெரியாது. நாள் கழியக் கழிய அவர் உயிருக்கு இடர் மிகுகிறது. ஆகவே உடனே தேடிச் செல்ல வேண்டும். ஆனால், தேடிச் செல்லும் செயலே அவரைக் காட்டிக் கொடுத்துவிடக்கூடும். தெருவில் ஒருவரிடம் பெயர் சொல்லி வீடு கேட்டால் போதும். மாலைக்குள் ஊர் முழுவதும் பேச்சாகிவிடும். தேடாவிட்டால் நோய் கொல்லும். தவறாகத் தேடினால் ஊர் கொல்லும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள ஒற்றையடிப் பாதையில் களப்பணியாளர் நடக்க வேண்டும்.

ஆகவே நல்ல பணியாளர், தேட வேண்டிய நாள் வருமுன்பே அதற்கு ஏற்பாடு செய்துவைக்கிறார். “நீங்கள் வாராவிட்டால் உங்களை எவ்வாறு தொடர்புகொள்ளலாம்? வீட்டுக்கு வரலாமா? வந்தால் யார் என்று சொல்லிக்கொள்ள வேண்டும்? தொலைபேசியை வேறொருவர் எடுத்தால் என்ன சொல்ல வேண்டும்? வீட்டில் யாருக்கு இது தெரியும்?” என்று தொடக்கத்திலேயே கேட்டு, நோயாளியின் விருப்பப்படி எழுதி வைத்துக்கொள்கிறார். மருத்துவமனைப் பெயர் பொறித்த வண்டியில் அவர் செல்வதில்லை. வாயிலில் நின்று நோயின் பெயரை உரைப்பதில்லை. நோயாளி, வரவேண்டாம் என்றால் வருவதில்லை. வேறு வழி தேடுகிறார். இரகசியம் காத்தல் இங்கே வெறும் நாகரிகம் அன்று. சிகிச்சையின் ஓர் அங்கம். ஒருமுறை இரகசியம் வெளிப்பட்டுவிட்டால் அந்த நோயாளி மட்டுமின்றி, அச்செய்தியைக் கேள்வியுற்ற மற்றவரும் மையத்தின் பக்கமே வரமாட்டார்கள்.

இக்கடமையை நம் நாட்டுச் சட்டமும் வலியுறுத்துகிறது. 2017-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஒருவருடைய அறிந்த சம்மதமின்றி அவருக்கு இப்பரிசோதனை செய்தல் கூடாது என்கிறது; அவர் நிலையைப் பிறருக்கு வெளியிடுவதையும் தடை செய்கிறது. வேலையிலும், கல்வியிலும், மருத்துவத்திலும், வாடகை வீட்டிலும் இத்தொற்றைக் காரணம் காட்டி வேறுபாடு காட்டுவது சட்டத்துக்கு மாறானது. எனினும், சட்டம் தாளில் இருக்கிறது. வீட்டுக்காரர் வாயிலில் நிற்கிறார். சட்டம் இருப்பதை நோயாளிக்கு எடுத்துக் கூறி, முறையிட வேண்டிய இடத்துக்கு அழைத்துச் செல்வதும் வழித்துணைப் பணியே.

குழந்தைகளின் செய்தியில் இப்பணியின் பயனைக் கண்கூடாகக் காணலாம். தொற்றுடைய தாய் மருந்து எதுவும் உண்ணாதிருந்தால், பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 15 முதல் 45 வரை தொற்றுக்கு ஆளாகின்றன. தாய் கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் முறையாக மருந்துண்டு, சேய்க்கும் உரிய மருந்து தரப்பட்டால் அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே குறைகிறது. இங்கே மருந்து ஒன்றே எல்லாவற்றையும் செய்துவிட்டதாகத் தோன்றும். ஆனால், முதல் கருவுற்ற பெண் பேறுகாலத்துக்குத் தாய்வீடு செல்வது நம் வழக்கம். அங்கே புதிய மருத்துவமனை, புதிய செவிலியர், விவரம் அறியாத தாய் தந்தையர். இவ்வூர் மையத்திலிருந்து அவ்வூர் மையத்துக்கு ஒருவர் முன்கூட்டியே செய்தி அனுப்பி, மருந்தும் ஏற்பாடும் ஆயத்தமாக இருக்கச் செய்தால்தான் அந்த 45 ஐந்தாகக் குறையும். பிறக்கப்போகும் குழந்தையின் வாழ்நாள் முழுவதும் ஒரு தொலைபேசி அழைப்பைச் சார்ந்து நிற்பதும் உண்டு.

இவ்வளவு பேருக்குச் சம்பளம் கொடுப்பதைவிட அப்பணத்துக்கும் மருந்தே வாங்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. உண்ணப்படாத மாத்திரை மலிவானதன்று; அது வீணான மாத்திரை. அது மட்டுமின்றி, இடையில் விட்டவருக்குப் பின்னர்த் தர வேண்டிய மருந்தின் விலை கூடும். அவரிடமிருந்து பிறருக்குத் தொற்று பரவினால் செலவு பெருகும். ஆனால் இதன் மறுபக்கத்தையும் கூறல் வேண்டும். ஒரு பணியாளரிடம் நூற்றுக்கணக்கான பெயர்களை ஒப்படைத்துவிட்டு, அவரிடமிருந்து அன்பையும் பொறுமையையும் எதிர்பார்த்தால் அப்பணி வெறும் பட்டியல் சரிபார்ப்பாக முடியும். குறைந்த ஊதியத்தில் பிறர் துயரை நாள்தோறும் சுமக்கும் இவர்களுக்கும் துணை தேவை. உழைச்செல்வானை மருத்துவத்தின் ஒரு கூறாக எண்ணிய நூல் நம்முடையது. அக்கூறுக்கு உரிய இடத்தை வரவு செலவுத் திட்டத்திலும் அளிப்பதே முறை.

இந்தியாவில் இன்று ஏறத்தாழ 25 இலட்சம் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்கின்றனர். எனவே உங்கள் வகுப்பிலோ, தெருவிலோ, உறவிலோ அவர்களுள் ஒருவர் இருக்கலாம்; அவர் யார் என்பது உங்களுக்குத் தெரியாமலே இருக்கலாம்; தெரிய வேண்டிய தேவையும் இல்லை. மாணவர்களாகிய நீங்கள் செய்யக்கூடியவை எளியவை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலுள்ள செஞ்சுருள் சங்கங்களில் சேர்ந்து உண்மையை அறியுங்கள். ஐயம் உள்ளவர்க்கு 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணைச் சொல்லுங்கள். ஒருவர் நோயைப் பற்றிக் கிசுகிசுக்கும் கூட்டத்தில், அப்பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். அது சிறிய செயலாயினும், நாளை மையத்துக்குச் செல்லத் தயங்கும் ஒருவருடைய அச்சத்தை அது ஓரளவு குறைக்கும். யாரேனும் உங்களை நம்பித் தம் நிலையைக் கூறினால், அதை உங்களுடனே வைத்துக்கொண்டு, “மருந்து வாங்கும் நாளில் நானும் கூட வரட்டுமா?” என்று கேளுங்கள். மருந்து கண்டுபிடிக்கும் அறிவு சிலருக்கே வாய்க்கும். மருந்துள்ள இடம்வரை ஒருவருடன் நடக்கும் ஆற்றல் எல்லார்க்கும் உண்டு.